வீட்டுக்காரருக்கு ஒரு கோப்பை டீ

அத்தியாயம் 7

மாடிப்படியின் கைப்பிடி புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதனாலேயே அவள் அதைத் தொடவில்லை.

சுவரை ஒட்டியே ஏறினாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கை தோள்பையை மார்போடு சேர்த்து அணைத்திருந்தது. பின்னால் ஏறிய லொள்ளு அந்தத் தோள்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் அப்பாவின் சாவுக்குக் காரணமானவன் என்று நம்புகிற ஆளைப் பார்க்க இப்படிப் பையை அணைத்துக்கொண்டு போகிறாள் என்றால், அதற்குள் சீப்பும் முகப்பவுடரும் மட்டும் இருக்காது என்பது அவன் கட்சி.

லொள்ளு என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் வேறெதுவும் வராததால் ஊரே கூடி வைத்தது. அவனுக்கு முன்னால் குடையை ஊன்றி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தவள் அவனுடைய அண்ணன் மனைவி. துப்பறிவதுதான் அவள் தொழில். வழக்கு கொண்டு வருகிறவர்கள், இன்ஸ்பெக்டர், ஒருமுறை பிடிபட்ட திருடன் உட்பட எல்லோருக்கும் அவள் ‘அண்ணி’தான். லொள்ளுவிடம் யாராவது உத்தியோகம் கேட்டால், “அண்ணி துப்பறியறாங்க, நான் தொப்பை வளர்க்கிறேன்” என்பான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணி நின்றாள். மூச்சு வாங்குவதற்காக நின்றது போலத்தான் இருந்தது.

“அப்பா கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்மா.”

“வீட்டுக்காரன் பார்த்துக்கிட்டே நின்னான்.” மருந்துக்கடைக்காரியின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பலமுறை தனக்குத் தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அது. “ஆஸ்பத்திரியில கண்ணை மூடற வரைக்கும் இதையேதான் சொன்னார். வேற எதுவும் சொல்லல.”

அவள் அப்பா இந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தவர். கண் பார்வை மங்கல். கட்டடத்தைப் புதுப்பிக்கிறேன், காலி பண்ணுங்கள் என்று ஓனர் கேட்டபோது மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சரி, அவர் இருக்கும்போதே வேலையை ஆரம்பிப்போம் என்று மாடிப்படியில் கை வைத்தார்கள். ஒரு மாலை அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தார். எப்போதும் பிடிக்கிற இடத்தில் கையை நீட்டினார். அங்கே கைப்பிடி இல்லை.

“துருப்பிடிச்சுத் தானா உடைஞ்சு விழுந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லியிருக்கான் அந்த ஆளு,” என்றாள் அவள். “அப்பாவோட சாமானை எடுக்க வந்தப்ப நான் பார்த்தேன். திருகாணி இருந்த ஓட்டை ஒவ்வொண்ணும் சுத்தமா இருந்துச்சு. யாரோ நிதானமாக் கழட்டியிருக்காங்க. கழட்டிட்டு, அவர் வர்றதைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்காங்க.”

“ஓனர் அன்னிக்கு மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்ததா சாட்சி இருக்கு.”

“சாட்சி எல்லாம் கடையில கிடைக்கும் அண்ணி.”

“உன் புருஷன் என்ன சொல்றார்?”

“அவருக்கு இது எதுவும் தெரியாது. மாசக்கணக்கா வெளியூர்ல வேலை, ராத்திரிக்கு வந்து படுக்கிறதோட சரி. நான் இங்க வர்றது தெரிஞ்சா பதறிடுவார்.” அவள் மேலே பார்த்தாள். “நீங்க இன்னிக்கு நிரூபிச்சுட்டா அவன் போலீசுக்கு. இல்லைன்னா நான் பார்த்துக்கிறேன்.”

“பார்த்துக்கிறேன்னு சொல்ற பொம்பளைங்களைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும்,” என்றான் லொள்ளு. “எங்கம்மா அப்படிச் சொன்ன அன்னிக்கெல்லாம் எனக்கு முதுகு வீங்கியிருக்கு.”

மூன்று பேரும் மேலே ஏறினார்கள்.

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் என்று நம்பி, ஓனர் கதவருகே தயாராக நின்றிருந்தார். வழுக்கைத் தலை, சலவைச் சட்டை, விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும் சாவிக்கொத்து. இறந்துபோன குடித்தனக்காரரின் மகளை அவர் பார்த்ததே இல்லை. அவள் சாமான் எடுக்க வந்த அன்று அவர் இங்கே இல்லை; ஆஸ்பத்திரிப் பக்கமாவது எட்டிப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

“வாங்க வாங்க! செருப்பை மட்டும் வெளிய விட்டுடுங்க, தரை புதுசு.” லொள்ளுவைப் பார்த்து முகமெல்லாம் பல்லானார். “சார்தான் வீட்டுக்காரரா?”

“ஐயோ, வீட்டுக்காரர் நீங்கதானே சார்! சாவி உங்க கையிலதானே சுத்துது.”

ஓனர் குலுங்கிச் சிரித்தார். “நல்ல ஆளு! நான் இந்தம்மாவோட வீட்டுக்காரரைக் கேட்டேன்.”

“அவர் வெளியூர்ல. நான் தூரத்துத் தம்பி. இவங்க எனக்கு அண்ணி, அவங்களுக்கு…” லொள்ளு அண்ணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மறு செருப்போடு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள் அண்ணி. கண்கள் சற்றே சுருங்கியிருந்தன. சட்டியில் எதுவோ தீய்கிறது, எந்தச் சட்டி என்று தெரியவில்லை என்பது போன்ற பார்வை. அது வந்துவிட்டால் அண்ணியின் காதில் வேறெதுவும் விழாது.

“அண்ணி, ஒத்தக் கால்ல நின்னா அட்வான்ஸ் குறைக்க மாட்டாங்க. உள்ள வாங்க.”

அவள் மறு செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள்.

வீடு கண்ணைப் பறித்தது. சுவரெல்லாம் பால் நிறம். காலுக்கடியில் தண்ணீர் தேங்கியது போல மின்னும் தரை. பெரிய ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் கொடிகளும், கொடியில் ஆடும் யாரோ ஒரு குழந்தையின் குட்டிச் சட்டைகளும் தெரிந்தன. எங்கும் பெயின்ட் வாசனை. சில மாதங்களுக்கு முன்பு வரை இங்கே ஒரு மனிதர் இருமிக்கொண்டும், பேப்பரைக் கண்ணோடு ஒட்டிப் படித்துக்கொண்டும் இருந்தார் என்று சொன்னால் நம்ப முடியாது.

“பழைய வீட்டைத் தேடினாலும் கிடைக்காது,” என்றார் ஓனர் பெருமையாக. “சுவரு, குழாய், ஒயரு எல்லாத்தையும் பேர்த்துட்டோம். இது முன்னாடி படுக்கையறை. இப்ப கிச்சன்!”

மருந்துக்கடைக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். “இங்க யாரு இருந்தாங்க?”

“ஒரு பெரியவர். பிடிவாதம்னா அப்படியொரு பிடிவாதம். இந்த மூலையிலதான் கட்டிலைப் போட்டுக்கிட்டு நகர மாட்டேன்னுட்டார். பாவம், தவறிட்டார்.” சாவிக்கொத்து ஒரு சுற்றுச் சுற்றியது. “அதுக்கப்புறம்தான் வேலை மளமளன்னு ஓடுச்சு.”

அவள் தாடை இறுகியதை லொள்ளு பார்த்தான்.

“ஒரு டீ போட்டுப் பார்க்கட்டுமா சார்?” என்றாள் அவள். குரல் தேனாக இருந்தது. “பாலு, தூள், கோப்பை எல்லாம் கொண்டு வந்திருக்கேன். அடுப்பு எப்படி எரியுதுன்னு பார்த்துட்டா முடிவு பண்ணிடலாம்.”

“டீயா! கேட்கணுமாம்மா?” என்று நாக்கைச் சப்புக் கொட்டினார் ஓனர்.

எதிர்க் கட்டடம் வெளிச்சத்தை மறைத்ததால் கிச்சன் பகலிலும் மசமசவென்று இருந்தது. ஓனர் கதவோரம் தடவினார், அலமாரிப் பக்கம் தடவினார். “இங்கதான் எங்கயோ வச்சான்… மேடை விளக்குக்குத் தனி ஸ்விட்ச்…”

மருந்துக்கடைக்காரி கவனம் வேறெங்கோ இருக்க, அடுப்புக்கு இடப்புறம், மேல் அலமாரியின் அடிப்பலகைக்குக் கீழே கையைவிட்டாள். டக். மேடை முழுக்க வெளிச்சம். பால் பொட்டலம் ஒரு கையிலும் பாத்திரம் மறு கையிலுமாக, கீழ் டிராயரை முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினாள். டிராயர் சாதுவாக வெளியே வந்தது. பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டு, இடுப்பால் அதை உள்ளே தள்ளினாள்.

ஓனர் வாயைப் பிளந்தார். “அட! அது அப்படியா திறக்குது? நான் இவ்வளவு நாளா நகத்தைவிட்டு நெம்பிக்கிட்டிருக்கேன்!”

லொள்ளுவின் மண்டைக்குள் மணி அடித்தது. தோள்பை மேடைமேல் இருந்தது. அவள் பாத்திரத்தைக் கழுவத் திரும்பிய நேரத்தில் அவன் கை உள்ளே போய் வந்தது. பிறகு அண்ணியின் முந்தானையை இழுக்காத குறையாக அவளைப் பால்கனிக்குக் கூட்டிப் போனான்.

“அண்ணி, நம்ம கட்சிக்காரம்மா நம்மளையே கட்சி மாத்தப் பார்க்கிறாங்க. வீட்டையே பேர்த்து மாத்தியிருக்கு. ஓனருக்கே ஸ்விட்ச் தெரியல. இவங்க கண்ணை மூடிக்கிட்டுப் போடறாங்க. வேலை முடிஞ்சப்புறமும் இங்க வந்திருக்காங்க, நம்மகிட்ட மறைக்கிறாங்க. இதையும் பாருங்க.” உள்ளங்கையைத் திறந்தான். விரல் நீளத்தில் ஒரு பழுப்புக் குப்பி. “இருமல் மருந்துன்னு நினைச்சுக்கலாம். எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.”

அண்ணி குப்பியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “ஏற்கெனவே வந்திருந்தா ஒளிச்சிருப்பா தம்பி. ஸ்விட்சைத் தேடற மாதிரி நடிச்சிருப்பா. அவ நடிக்கல. அவ கைதான் போச்சு.”

“கை மட்டும் தனியா வந்துட்டுப் போச்சா?”

“அப்படித்தான்னு வையேன்.” அவள் கைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தாள். நாலாக எட்டாக மடித்தாள். பால்கனிக் கதவின் கீல் இடுக்கில் செருகினாள். கதவைச் சாத்தினாள். அது கால்வாசி திறந்தபடியே நின்றது.

“சார்!” என்று சத்தம் போட்டாள். “இந்தக் கதவு மூடலையே!”

ஓனர் ஓடி வந்தார். இழுத்தார், தள்ளினார், முகம் சிவந்தார்.

“எனக்குக் கதவு விஷயத்துல சமாதானமே கிடையாது,” என்றாள் அண்ணி, வீடு பிடிக்கப்போவது தானேதான் என்கிற தோரணையில். “இந்த வேலையெல்லாம் செஞ்சது யாரோ, அவரே வந்து சரி பண்ணட்டும். இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்.”

“கான்ட்ராக்டர்தான், ஒரே ஆளு, எல்லாம் அவன் யோசனை! பக்கத்துத் தெருவுலதான் வேலை பார்த்துக்கிட்டிருக்கான். இதோ.” ஓனர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

லொள்ளு கதவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். “நல்லா இருந்த கதவை நாம கெடுத்து, அதை ரிப்பேர் பண்ண ஆள் கூப்பிடறோம். இதுக்குப் பேரு துப்பறியறதா, பொழுது போகாததா?”

“வாயை மூடிக்கிட்டு வா.”

கிச்சனில் டீயின் மணம் எழுந்திருந்தது. மருந்துக்கடைக்காரி தோள்பைக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். நேராக லொள்ளுவைப் பார்த்தாள்.

“குடுங்க.”

“எதை?”

“குடுங்க தம்பி. அந்த ஆள் பேசினதைக் கேட்டீங்கல்ல? அப்பா போனதும் வேலை ஓடுச்சாம். அவர் படுத்திருந்த இடத்துல அடுப்பை வச்சுட்டு, அதே இடத்துல டீ கேட்கிறான்.” அவள் கண்ணில் நீர் இல்லை. “நான் என்ன பாவம் பண்ணினாலும் இவன் பண்ணினதுக்குச் சமமாகாது.”

“குப்பி என்கிட்ட இருக்கு,” என்றாள் அண்ணி. “தர்றேன். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. பதில் சொல்லிட்டு, யாருக்கு ஊத்தணும்னு நீயே முடிவு பண்ணு.”

லொள்ளு வாசல் நிலையை அடைத்து நின்றான். ஹாலில் ஓனர் போனில் கதவைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

“உங்க அப்பா இந்த ஓனரைப் பத்தி உன்கிட்ட பேசியிருப்பாரே. என்னன்னு சொல்லுவார்?”

“கண்ணுக்கு மருந்து வாங்க வாரா வாரம் கடைக்கு வருவார். வந்தா இவனைத் திட்டாம போக மாட்டார். ஓனர் தண்ணியை நிறுத்திட்டான், ஓனர் ஆள் அனுப்பறான்…”

“ஓனர்.”

“ஆமா. ஓனர்.”

“வீட்டுக்காரர்னு என்னிக்காவது சொல்லியிருக்காரா?”

அவள் யோசித்தாள். “இல்ல. ஆனா கடைசி நேரத்துல…”

“கடைசி நேரத்துல மனுஷன் புது வார்த்தை கத்துக்க மாட்டான்மா. சரி. உன் புருஷனை அவர் மாப்பிள்ளைன்னுதானே கூப்பிடுவார்?”

அவள் உதட்டில் கசப்பாக ஒரு சிரிப்பு வந்து போனது. “மாப்பிள்ளையா! எங்க கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கல. அன்னியிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நேர்ல பார்த்தாலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்குவாங்க. அதனாலதான் அப்பா இருந்த வரைக்கும் நான் இந்த வீட்டுக்கே வந்ததில்ல. அப்பா வாயில மாப்பிள்ளைங்கிற சொல்லே வராது. என்கிட்ட கேட்கணும்னாக்கூட, ‘எப்படி இருக்கான், உன் வீட்டு…’”

நின்றுவிட்டாள்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. லொள்ளுதான் எட்டி அணைத்தான்.

“உன் வீட்டுல கிச்சன் யாரு செஞ்சது?” அண்ணியின் குரல் இப்போது மிகவும் மெதுவாக இருந்தது.

“அவர்தான்.” அவள் பார்வை அலமாரியின் அடிப்பலகைக்குப் போனது. அங்கிருந்து டிராயருக்கு. “அவருக்கு இதுதான் தொழில். ரெண்டு கையிலயும் சாமானை வச்சுக்கிட்டு நான் தடுமாறறேன்னு… முழங்காலால தட்டினா திறக்கிற மாதிரி… எனக்காகவே யோசிச்சுச் செஞ்சேன்னு சொன்னார். ஸ்விட்சுகூட ஈரக் கை படக்கூடாதுன்னு…” ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டாள். “வெளியூர்ல ஓட்டல் வேலைன்னு சொன்னார் அண்ணி.”

அண்ணி இடுப்பிலிருந்து குப்பியை எடுத்து மேடைமேல் வைத்தாள். அதைப் பறிக்க லொள்ளு பாய்ந்தான். அவன் கை நீள்வதற்குள் அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரி குப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூடியைத் திறந்தாள். தண்ணீர்க் குழாயைத் திருகினாள். குப்பி முழுவதையும் தொட்டியில் கவிழ்த்தாள்.

“இது அவ்வளவு சீக்கிரம் முடிச்சுடும்,” என்றாள். “எனக்கு அது போதாது.”

வாசல் மணி அடித்தது.

வந்தவன் காதில் பென்சில் செருகியிருந்தான். இடுப்பில் அளவுநாடா தொங்கியது. கனமான கருவிப் பையைப் புதுத் தரையில் வைக்க மனமில்லாமல் வெளியே, மாடிப்படியின் தலைப்பில் இறக்கிவிட்டு உள்ளே வந்தான். நேராகப் பால்கனிக் கதவுக்குப் போனான். குனிந்தான். மறு கணம் சிரித்தான்.

“சார், கதவுக்கு ஒண்ணுமில்ல. யாரோ பஸ் டிக்கெட்டைச் செருகி வச்சிருக்காங்க!”

அதைத் தூக்கிக் காட்டியபடி திரும்பினான். கிச்சன் வாசலில் தட்டும் கோப்பைகளுமாக அவன் மனைவி நின்றிருந்தாள்.

“நீ… இங்க எப்படி?”

“வெளியூர் வேலை முடிஞ்சுதா?” என்று கேட்டாள் அவள்.

ஓனர் இருவரையும் பார்த்தார். “என்னப்பா, தெரிஞ்சவங்களா?”

“வந்ததும் கேட்டீங்களே சார், இவங்க வீட்டுக்காரர் யாருன்னு,” என்றான் லொள்ளு. “வந்துட்டார், பார்த்துக்குங்க.”

அவள் நடந்து வந்தாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒரே ஒரு கோப்பையை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். “டீ.”

அவன் கோப்பையைப் பார்த்தான். கிச்சன் மேடைமேல் வாய் பிளந்து கிடந்த அவள் தோள்பையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். “வேண்டாம்.”

“என் கையால போட்ட டீயை நீங்க வேண்டாம்னு சொன்னதே இல்லையே.”

“இப்பதான் குடிச்சேன்.”

“ஒரு வாய். எனக்காக.”

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

அண்ணி குறுக்கே வந்து கோப்பையை வாங்கினாள். ஊதி ஊதி ஒரு மடக்குக் குடித்தாள். “சர்க்கரை கொஞ்சம் கம்மி. மத்தபடி நல்ல டீ.” கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “பெண்டாட்டி குடுக்கிற டீயைப் பார்த்து இப்படி நடுங்கறீங்களே. அவ உங்களுக்கு விஷம் வைக்கிற அளவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் தள்ளல!” என்றான் அவன்.

“தள்ளினீங்கன்னு யாரு சொன்னா?”

அண்ணி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“வேற என்னதான் செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல.”

“அதைத்தான் கேட்கிறேன்,” என்றாள் அண்ணி.

அவன் சுவரில் சாய்ந்தான். சொல்லத் தொடங்கியபோது மனைவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னான். “பழைய கைப்பிடி. மாத்தணும்னு கழட்டினேன். இது அவர் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சுதான் வேலையை ஒத்துக்கிட்டேன், பெரிய வேலைன்னு. உன்கிட்ட சொன்னா வேண்டாம்பே. அன்னிக்கு அவர் கதவைத் திறந்துட்டு வெளிய வந்தார். பக்கத்துல வந்ததும் என்னை அடையாளம் தெரிஞ்சுது. முகத்தைத் திருப்பிக்கிட்டார். நானும் திருப்பிக்கிட்டேன். எப்பவும் போல. அப்புறம் பார்த்தா… கையை நீட்டறார்.”

“நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்க,” என்றாள் அவள்.

“வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். முதல்ல பேசினது நான்னு ஆயிடுமேன்னு… ஒரு நொடி. ஒரே ஒரு நொடி நினைச்சேன். அதுக்குள்ள…”

ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அடப்பாவி! துருப்பிடிச்சு விழுந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லுங்க, இல்லைன்னா வேலை நின்னுடும்னு என்கிட்ட சொன்னது நீதானே! நான் ஊர்லயே இல்லாதவன், உன் பேச்சை நம்பி…”

“நம்பலை சார்,” என்றான் லொள்ளு. “உங்களுக்கு வசதியா இருந்துச்சு. நம்பறது வேற. அதையும் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவருக்கு ரெண்டு தடவை மாடி ஏறினா மூச்சு வாங்கும்.” அண்ணி ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரி யாரையும் பார்க்கவில்லை. கணவனை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

“அப்புறம் இங்கயே வந்து சுவரை இடிச்சீங்க,” என்றாள். “அவர் கட்டில் இருந்த இடத்துல எனக்குச் செஞ்ச அதே டிராயரைச் செஞ்சீங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து, அப்பாவை நினைச்சு அழாதேன்னு என் கண்ணைத் துடைச்சீங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தாள். அவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனான்.

“திட்டு. அடி. செருப்பால அடி, வாங்கிக்கிறேன். பேசாம மட்டும் இருக்காதே.” நிலைப்படியைத் தாண்டினான். “ஏதாவது ஒண்ணு பேசும்மா…”

லொள்ளு அப்போதுதான் பார்த்தான். மாடிப்படியின் தலைப்பில், அவள் கணவனின் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால், அந்தக் கருவிப் பை. அதற்கப்பால் கீழே கீழே இறங்கும் படிகள். கத்த வேண்டும் என்று நினைத்தான். அப்போது அவள் பக்கவாட்டு முகம் தெரிந்தது. அவளும் பையைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

இன்னும் ஓர் அடி. அவள் அதையும் வைத்தாள். அவன் காலைப் பின்னால் தூக்கினான்.

“பின்னால பை இருக்கு,” என்றாள். “பார்த்து.”

குதிகால் பையில் இடித்தது. அவன் தடுமாறி, இரண்டு கையாலும் புதுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். திரும்பிக் கீழே பார்த்தான். மீண்டும் அவளைப் பார்த்தபோது அவன் முகத்தில் என்னவோ உடைந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தான்.

“அப்பாவுக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு,” என்றாள் அவள்.

அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். கைப்பிடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, குழந்தை கேட்பது போல ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை என்று கேட்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்று, அவன் தலைக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லொள்ளுவின் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் பேசி முடிச்சாச்சு.”